கையேட்டிலிருந்து வலைப்பக்கம்: சி மொழியில் அமைந்த வடிவமைப்பு நிரல் ஒன்றின் செயல்முறை

ஒரு பொறியைச் செய்து முடிப்பதோடு அதனைச் செய்தோரின் கடமை முடிந்துவிடுவதில்லை. அதனைக் கையாளும் முறையைப் பிறர் அறியுமாறு எழுதிவைத்தலும் அக்கடமையின் ஒரு பகுதியே ஆகும். கணிப்பொறி நிரல்களுக்கும் இது பொருந்தும். இத்தகைய கையேடுகள் ஒரு காலத்தில் தாளில் மட்டுமே படிக்கப்பட்டன. இன்றோ ஒரே கையேடு அச்சிலும், முனையத் திரையிலும், வலைப்பக்கத்திலும், கைப்பேசியிலும் படிக்கப்படுகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதி வைத்தால், ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்றோரிடத்தில் விடுபட்டுப் போகும். தொலைவிலுள்ள களப்பணியாளர் ஒருவர் திருத்தம் பெறாத படியைப் படித்துச் செயற்படுவாராயின் விளையும் தீங்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின் மூலம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வடிவங்கள் யாவும் அம்மூலத்திலிருந்தே பிறத்தல் வேண்டும்.

இவ்வேலையைச் செய்யும் நிரலுக்கு ஆவண வடிவமைப்பு நிரல் என்று பெயர். அத்தகைய நிரல் ஒன்று வலைப்பக்கத்தை எவ்வாறு உண்டாக்குகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். எடுத்துக்காட்டாக நாம் கொள்வது, சி மொழியில் எழுதப்பட்டுள்ள ‘மாண்டாக்’ என்னும் நிரலாகும். இது யூனிக்ஸ் வகை இயக்க முறைமைகளின் கையேடுகளை வடிவமைப்பதற்கென்று அமைந்தது. கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸ் என்பவர் இதனை எழுதினார். இங்கோ ஷ்வார்ட்செ என்பவர் இதனைப் பேணி வளர்த்து வருகிறார். 2010ஆம் ஆண்டில் வெளியான ஓப்பன்பிஎஸ்டி 4.8 பதிப்பில் இது முதன்முதலாக இடம்பெற்றது.

வரலாற்றுச் சுருக்கம்

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் என்பார் ‘ரன்ஆஃப்’ என்னும் நிரலை எழுதினார். எழுத்தாளர் தம் உரையின் இடையே புள்ளியில் தொடங்கும் கட்டளை வரிகளை எழுதிவைப்பார். நிரல் அக்கட்டளைகளைப் படித்து, உரையைப் பக்கங்களாக ஒழுங்குபடுத்தித் தரும். இம்முறையே பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் ‘ராஃப்’ என்னும் நிரலாக வளர்ந்தது. யூனிக்ஸ் இயக்க முறைமையின் முதற் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் அந்த ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவினர் தம் விண்ணப்பங்களை எழுத யூனிக்ஸைப் பயன்படுத்தலாயினர். யூனிக்ஸ் தன் தொடக்க காலத்தில் ஆதரவு பெற்று நிலைத்ததற்கு ஆவண வடிவமைப்பும் ஒரு காரணமாகும்.

1973ஆம் ஆண்டில் ஜோசப் ஒசானா, ஒளியச்சுக்கோப்புப் பொறி ஒன்றை இயக்குவதற்காக ‘டிராஃப்’ என்னும் நிரலை ஆக்கினார். 1977இல் அவர் மறைந்தபின், பிரையன் கெர்னிஹான் அதனை எப்பொறிக்கும் பொருந்துமாறு மாற்றியமைத்தார். 1978இல் கெர்னிஹானும் டென்னிஸ் ரிட்சியும் வெளியிட்ட சி மொழி நூலும் இந்நிரலால் அச்சுக்கோக்கப்பட்டதே.

இந்நிரல்கள் யாவும் தாளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தாளுக்கு அகலமும் நீளமும் உண்டு. ஓர் எழுத்து எவ்விடத்தில் விழ வேண்டும் என்பதை நிரலே கணக்கிட்டு முடிவுசெய்கிறது. வலைப்பக்கத்தின் இயல்பு வேறு. 1989ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த கருத்திலிருந்து தோன்றிய எச்.டி.எம்.எல். மொழியில், ‘இது தலைப்பு’, ‘இது பட்டியல்’, ‘இது இணைப்பு’ என்னும் குறிப்புகளே எழுதப்படுகின்றன. வரியை எங்கே மடிப்பது என்பதைப் படிப்பவரின் திரை அகலத்தைக் கண்டு உலாவி தீர்மானிக்கிறது. தாளுக்கெனப் பிறந்த மூலத்தை இவ்வுலகிற்குக் கொண்டுவருவதிலேதான் சிக்கல் தோன்றுகிறது.

தோற்றமும் பொருளும்

அச்சிட்ட கையேட்டுப் பக்கம் ஒன்றை நோக்குவோம். அதில் கட்டளையின் பெயர் தடித்த எழுத்தில் உள்ளது. கட்டளையோடு சேர்த்தெழுதும் விருப்பக்குறியும் தடித்த எழுத்தில் உள்ளது. பிரிவின் தலைப்பும் அவ்வாறே. படிப்பவர் இடம் நோக்கி இவற்றை வேறுபடுத்தி அறிகிறார். மூலத்தில் ‘தடித்த எழுத்து’ என்று மட்டும் எழுதியிருந்தால், நிரலுக்கு இம்மூன்றும் ஒன்றே. பெயரைப் பெயராகவும் தலைப்பைத் தலைப்பாகவும் வலைப்பக்கத்தில் குறிப்பதற்கு அதனிடம் யாதொரு சான்றும் இராது.

1990ஆம் ஆண்டை ஒட்டி, பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் பதிப்பிற்காக சிந்தியா லிவிங்ஸ்டன் ‘எம்டாக்’ என்னும் கட்டளைத் தொகுதியை உருவாக்கினார். இதில் எழுத்தாளர் எழுத்தின் தோற்றத்தைக் கூறுவதில்லை. ‘இது விருப்பக்குறி’, ‘இது பயனர் தரவேண்டிய மதிப்பு’, ‘இது பிறிதொரு கையேட்டைச் சுட்டுவது’ என்று பொருளையே கூறுகிறார். தோற்றத்தை நிரல் பார்த்துக்கொள்கிறது.

இவ்வேறுபாடே இப்பாடத்தின் உயிர்நாடி. பொருளிலிருந்து தோற்றத்தை அடைதல் எளிது. தோற்றத்திலிருந்து பொருளை அடைதல் வெறும் ஊகமே. ‘ஜீராஃப்’ என்னும் மற்றொரு வடிவமைப்பு நிரலின் வலைப்பக்கப் பகுதி, இடம் கணக்கிட்டு முடிந்த எழுத்துக்களைப் பெற்றுக்கொண்டு, அவற்றின் அமைப்பைப் பின்னோக்கி உய்த்துணர முயல்கிறது. அட்டவணைகளை அது படங்களாக மாற்றித் தருவதுண்டு. படமாகிவிட்ட அட்டவணையில் ஒரு சொல்லைத் தேட இயலாது. சிறு திரைக்கேற்ப அதனை மடிக்க இயலாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் படிப்புக்கருவி அதனை வாய்விட்டுப் படிக்கவும் இயலாது. பொருளை முதலிலேயே பாதுகாத்திருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது.

நிரலின் மூன்று நிலைகள்

மாண்டாக் நிரலின் வேலை மூன்று நிலைகளில் நடைபெறுகிறது. அவை பகுத்தல், சரிபார்த்தல், வெளியிடுதல் என்பன.

முதல் நிலை பகுத்தல். இதனைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர். ‘படித்தனன்’ என்னும் பகுபதத்தைப் பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி எனப் பிரித்து ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயரிடுகிறோம் அல்லவா? அதுபோன்றே நிரலும் மூலத்தை வரிவரியாகப் படித்து உறுப்புக்களாகப் பிரிக்கிறது. பிரித்த உறுப்புக்களை ஒரு மரமாக இணைக்கிறது. மரத்தின் ஒவ்வொரு கணுவும் சி மொழியில் ஒரு கட்டமைப்பு ஆகும். தன் வகை யாது, தாய்க்கணு எது, முதற் சேய்க்கணு எது, அடுத்த உடன்பிறப்பு எது, மூலத்தில் எத்தனையாவது வரியில் தோன்றியது என்னும் செய்திகள் அதனுள் உள்ளன. கணுவுக்குக் கணு செல்லும் வழி, சி மொழியின் சுட்டுக்களால் அமைகிறது.

இரண்டாம் நிலை சரிபார்த்தல். கையேட்டிற்குப் பெயர்ப்பகுதி உண்டா, பிரிவுகள் வழக்கமான வரிசையில் உள்ளனவா, திறந்த பட்டியல் மூடப்பட்டதா என்று நிரல் ஆராய்கிறது. குறை கண்டால் வரி எண்ணுடன் எச்சரிக்கை தருகிறது. கணுவில் வரி எண் சேர்த்துவைக்கப்படுவதன் பயன் இங்கே விளங்கும்.

மூன்றாம் நிலை வெளியிடுதல். மரம் ஒன்றே; அதனைச் சுற்றிவரும் வெளியீட்டுப் பகுதிகள் பல. முனையத்திற்கு ஒன்று, அச்சிற்கு ஒன்று, வலைப்பக்கத்திற்கு ஒன்று என அவை தனித்தனியே உள்ளன. முனையப் பகுதி, வேறு அளவு கூறப்படாதபோது 78 எழுத்து அகலத்திற்குள் வரிகளை மடிக்கிறது. வலைப்பக்கப் பகுதிக்கு அத்தகைய கணக்கு வேண்டுவதில்லை.

மரத்தைச் சுற்றிவருதல்

வலைப்பக்கப் பகுதியின் நடுவில் ஓர் அட்டவணை உள்ளது. எம்டாக் தொகுதியின் ஒவ்வொரு கட்டளைக்கும் அதில் இரண்டு இடங்கள் உண்டு. கணுவினுள் நுழையும்போது அழைக்க வேண்டிய செயற்கூறு ஒன்று. கணுவை விட்டு நீங்கும்போது அழைக்க வேண்டிய செயற்கூறு மற்றொன்று. முதலாவது, எச்.டி.எம்.எல். குறியைத் திறக்கிறது. பின்னர் நிரல் சேய்க்கணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டுவருகிறது. இறுதியில் இரண்டாவது செயற்கூறு எஞ்சிய வேலையை முடிக்கிறது. புதிய கட்டளை ஒன்றைச் சேர்க்க வேண்டின், வலைப்பக்கப் பகுதியைப் பொறுத்தவரை அட்டவணையில் ஒரு வரியைச் சேர்த்து, அதற்குரிய செயற்கூற்றை எழுதினால் போதும்.

எப்பொருளுக்கு எக்குறி என்பதும் இங்கேயே முடிவாகிறது. பிரிவுத் தலைப்பு, வலைப்பக்கத்தின் தலைப்புக் குறியாகிறது. புள்ளிப் பட்டியலும் எண் பட்டியலும் அவ்வவற்றிற்குரிய பட்டியற் குறிகளாகின்றன. பயனர் தரவேண்டிய மதிப்பு, மாறியைக் குறிக்கும் குறியாகிறது. ஒவ்வொரு குறியோடும் மூலக்கட்டளையின் பெயர் வகுப்புப் பெயராக எழுதப்படுகிறது. எழுத்தின் பருமன், நிறம், இடைவெளி ஆகியவற்றைத் தனியே உள்ள நடைக்கோப்பு வரையறுக்கிறது. ஆகவே ஓர் அலுவலகத்தின் நூறு கையேடுகளின் தோற்றத்தையும் ஒரே கோப்பைத் திருத்தி மாற்றிவிடலாம்.

திறந்த குறியை மூடுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கடைசியாகத் திறந்தது முதலில் மூடப்படுதல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தட்டுக்களில் மேலுள்ளதையே முதலில் எடுக்க இயலும். அதுபோல, திறந்த குறிகளை நிரல் ஓர் அடுக்கில் சேர்த்துவைக்கிறது. ஒரு கணுவை விட்டு நீங்கும்போது, அக்கணு திறந்த குறி வரையிலும் அடுக்கில் மேலே உள்ளவை அனைத்தும் முறையே மூடப்படுகின்றன. பழைய கையேடுகளில் ஒன்றையொன்று குறுக்கிட்டு மூடும் கட்டளைகள் சில காணப்படும். தாளில் இதனால் தீங்கு இல்லை. வலைப்பக்கத்திலோ குறிகள் ஒன்றனுள் ஒன்றாக முழுமையாக அடங்கியிருத்தல் வேண்டும். மேலும், பத்திக்குறியினுள் பட்டியற் குறி வரலாகாது என்பது எச்.டி.எம்.எல். விதி. ஆதலின் பட்டியல் தொடங்குமுன் திறந்திருக்கும் பத்தியை நிரல் தானே மூடிவிடுகிறது.

எழுத்துக்களைக் காத்தல்

இனிக் கூறப்போவது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் பிழைகள் மிகுதியாக நேரும் இடம் இதுவே. எச்.டி.எம்.எல். மொழியில் இடக் கோணக்குறி ஒரு குறியின் தொடக்கத்தைக் காட்டும். சி மொழியிலோ தலைப்புக் கோப்பின் பெயர் கோணக்குறிகளுக்குள் எழுதப்படுகிறது. கையேட்டில் உள்ள அவ்வரியை அப்படியே வலைப்பக்கத்தில் இட்டால், உலாவி அக்கோப்பின் பெயரைத் தான் அறியாத ஒரு குறி எனக் கருதி மறைத்துவிடும். மாணவர் காண்பது பாதி வரியே. பிழைச்செய்தி எதுவும் தோன்றாமையால், விடுபட்டதை எவரும் உடனே அறியவும் மாட்டார்.

இதனைத் தவிர்க்க, இடக் கோணக்குறி, வலக் கோணக்குறி, உம்மைக்குறி, இரட்டை மேற்கோள்குறி ஆகிய நான்கையும் அவற்றிற்குரிய மாற்றுப்பெயர்களாக எழுதுதல் வேண்டும். மாற்றுப்பெயர் ஒவ்வொன்றும் உம்மைக்குறியிலேயே தொடங்குகிறது. கோணக்குறிகளை முதற்சுற்றில் மாற்றிவிட்டு, உம்மைக்குறியை அடுத்த சுற்றில் மாற்றினால், முன்னர் எழுதிய மாற்றுப்பெயர்களும் சிதைந்துபோகும். மாண்டாக் நிரல் உரையை ஒருமுறை மட்டும் இடமிருந்து வலமாகப் படித்து, ஒவ்வோர் எழுத்தையும் கண்டவுடனே மாற்றி எழுதுகிறது. எனவே அத்தீங்கு நேர்வதில்லை.

இவ்விதியில் பாதுகாப்பும் அடங்கியுள்ளது. பிறர் எழுதிய மூலத்தைப் பெற்று வலைப்பக்கமாக வெளியிடும்போது, தீய எண்ணத்துடன் எழுதப்பட்ட கட்டளை வரி அதில் மறைந்திருக்கக்கூடும். குறிகள் மாற்றப்பட்டுவிட்டால் அவ்வரி திரையில் வெறும் எழுத்தாகவே தோன்றும். உலாவியால் இயக்கப்பட மாட்டாது.

சிறு கோடும் கவனத்திற்குரியது. கட்டளைகளின் விருப்பக்குறிகள் சிறு கோட்டில் தொடங்குகின்றன. அச்சழகைக் கருதி அதனை வேறொரு கோட்டெழுத்தாக மாற்றிவிட்டால், கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஆனால் படிப்பவர் அவ்வரியைப் பக்கத்திலிருந்து நகலெடுத்துக் கணிப்பொறிக்குத் தந்தால், கட்டளை இயங்காது. விசைப்பலகையில் உள்ள கோடே பக்கத்திலும் இருத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்தும் சி மொழியும்

சி மொழியின் எழுத்து வகை ஒரு பைட் அளவினது. ரோமன் எழுத்து ஒன்று ஒரு பைட்டில் அடங்கும். தமிழ் எழுத்து அவ்வாறன்று. யூனிக்கோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ‘க’ என்னும் எழுத்தின் எண் 2965. யூடிஎஃப்-8 முறையில் இது 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுக்களாக எழுதப்படுகிறது. ‘கொ’ என்பதோ, க என்னும் எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்தது; ஆதலின் ஆறு பைட்டுக்கள் வேண்டும். பைட்டுக்களை எழுத்துக்களாகக் கருதி எண்ணி, எண்பதாவது இடத்தில் வரியை வெட்டும் நிரல், தமிழ் எழுத்தை நடுவே பிளந்துவிடக்கூடும்.

மாண்டாக் நிரல் மூலத்தைப் படிக்கும்போதே இப்பைட்டுத் தொகுதிகளை எழுத்து எண்களாக மாற்றிக்கொள்கிறது. வலைப்பக்கத்தை எழுதும்போது அவ்வெண்ணையே எண்வடிவக் குறிப்பாக வெளியிடுகிறது. உலாவி அக்குறிப்பைக் கண்டு ‘க’ என்று வரைகிறது. இடையிலுள்ள கோப்பில் ரோமன் எழுத்துக்களும் எண்களும் குறிகளும் மட்டுமே இருப்பதால், எழுத்துமுறை அறியாத பழைய கருவிகள் வழியே சென்றாலும் தமிழ் சிதைவதில்லை.

இணைப்புக்கள்

அச்சிட்ட கையேட்டில் ‘இன்ன பக்கத்தையும் காண்க’ என்று எழுதுகிறோம். வலைப்பக்கத்தில் அது தொட்டால் திறக்கும் இணைப்பாதல் வேண்டும். எம்டாக் மூலத்தில் பிற கையேட்டின் பெயரும் அதன் பிரிவு எண்ணும் தரப்பட்டிருக்கும். முகவரி எவ்வமைப்பில் இருக்க வேண்டும் என்னும் மாதிரியைப் பயனர் நிரலுக்குக் கூறுவார். அம்மாதிரியில் பெயர்க்குரிய இடத்தில் பெயரையும், எண்ணுக்குரிய இடத்தில் எண்ணையும் நிரப்பி நிரல் இணைப்பை ஆக்குகிறது. முகவரி மாறினால் மாதிரியை மட்டும் மாற்றி மறுபடியும் நிரலை இயக்கலாம். மூலத்தில் கைவைக்க வேண்டுவதில்லை.

ஒவ்வொரு பிரிவுத் தலைப்பிற்கும் ஓர் அடையாளப் பெயரும் தரப்படுகிறது. தலைப்பின் சொற்களே அப்பெயராகின்றன. சொல்லிடைவெளி அடிக்கோடாக மாறுகிறது. ஒரே தலைப்பு இருமுறை வந்தால் பின்னதற்கு எண் சேர்க்கப்படுகிறது. இதனால் ஐம்பது பத்திகள் கொண்ட கையேட்டில் ஒரு பிரிவை மட்டும் சுட்டி, அதன் முகவரியைத் தம் உடன்பணியாளருக்கு ஒருவர் அனுப்ப இயலும்.

வகுப்பறைக்கும் களத்திற்கும் ஏற்ற பயிற்சி

சி மொழி அறியாத மாணவரும் இக்கருத்தை உணரப் பின்வரும் பயிற்சி உதவும். மழைமானியைக் கையாளும் குறிப்புத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்க.

1. தாளில் தடித்த எழுத்தில் உள்ளவை அனைத்தையும் ஒரு பட்டியலாக எழுதச் செய்க. தலைப்பு, கருவியின் பெயர், எச்சரிக்கை ஆகியவை அதில் கலந்திருப்பதை மாணவர் காண்பர்.

2. ஒவ்வொன்றின் அருகிலும் அது யாது என்று எழுதச் செய்க. காலை 8.30 மணி என்பது நேரம். மில்லிமீட்டர் என்பது அலகு. ‘அளந்தபின் நீரைக் கொட்டிவிடுக’ என்பது செயற்படி.

3. அப்பெயர்களையே கட்டளைகளாகக் கொண்டு, வரியின் தொடக்கத்தில் புள்ளியிட்டுத் தாளை மறுபடியும் எழுதச் செய்க.

4. ஒரு மாணவர் குழு இம்மூலத்தைச் சுவரொட்டியாகவும், மற்றொரு குழு கைப்பேசித் திரை அளவுள்ள சிறு தாளிலும் எழுதட்டும். எச்சரிக்கை எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை ஒவ்வொரு குழுவும் தன் அட்டவணையில் ஒருமுறை மட்டும் முடிவு செய்தல் வேண்டும்.

5. பின்னர் மூலத்தில் ஓர் எண்ணைத் திருத்துக. இரு குழுவினரும் தத்தம் வடிவத்தை மறுபடியும் ஆக்கட்டும். மூலத்தைத் திருத்தினால் வடிவங்கள் யாவும் திருந்துவதை மாணவர் கண்கூடாக அறிவர்.

களப்பணியாளர்கள் தம் அறிக்கைகளைச் சொற்செயலி நிரல்களில் எழுதும்போதும் இம்முறையைக் கடைப்பிடிக்கலாம். தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் மாற்றாமல், ‘தலைப்பு’ என்னும் நடையைத் தெரிந்தெடுத்து இடுக. பட்டியலை வெற்றிடங்களால் நகர்த்தி அமைக்காமல், பட்டியலாகவே குறிக்க. அட்டவணையைப் படமாக ஒட்டாமல், அட்டவணையாகவே எழுதுக. பின்னொரு நாளில் அவ்வறிக்கை வலைப்பக்கமாக மாற்றப்படும்போது, மாற்றும் நிரல் எதுவாயினும் அதற்கு வேண்டிய சான்று மூலத்திலேயே கிடைக்கும்.

வலைப்பக்கம் என்பதை எவரும் எண்ணிப்பாராத காலத்தில் ராஃப் வழிவந்த நிரல்கள் தோன்றின. அவற்றுக்கென எழுதப்பட்ட கையேடுகளுள், பொருளைக் குறித்து எழுதப்பட்டவை இன்று எளிதில் வலைப்பக்கங்களாகின்றன; தோற்றத்தை மட்டும் குறித்தவை பெரிதும் ஊகத்தை நம்பியுள்ளன. இனி எத்தகைய திரைகள் தோன்றும் என்பதை நாம் அறியோம். ஆயினும் இன்று எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும் ‘இது யாது’ என்பதைத் தெளிவுறக் குறித்து வைப்போமாயின், பின்வரும் கருவிகளுக்கும் அது பயன்படும். அக்கருவி வழியாகப் படிப்போர்க்கும் குறைவின்றிச் சென்று சேரும்.